தமிழ்நாட்டுக் காப்பியின் சுவை வரலாறு

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில், சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் அறிமுகமானது. அன்று விளைந்தது மணமும் மெல்லிய புளிப்பும் கொண்ட அராபிகா. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய், சில ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. பின்னர் நோய் தாங்கும் ரோபஸ்டா வந்தது. இதில் கசப்பும் காஃபீனும் அதிகம்.

சிக்கரி காப்பிக்கொட்டை அன்று; ஒரு செடியின் வறுத்த வேர். டிகாக்சனுக்கு நிறமும் திடமும் தரும், காஃபீன் தராது. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவு விதி.

கடைகளில் ‘பிளாண்டேஷன்’ எனப்படுவது கழுவிப் பதப்படுத்திய அராபிகா. ‘பீபரி’ என்பது ஒரு பழத்தில் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை. மணம் விரும்புவோர் அராபிகா மிகுந்த கலவையையும், பாலிலும் தூக்கி நிற்கும் கசப்பை விரும்புவோர் ரோபஸ்டா கலந்ததையும் தேர்ந்தெடுக்கலாம். பொட்டலத்தில் சிக்கரி அளவைப் பார்த்து வாங்குவது நல்லது.