பலிபீடத்தினின்று பந்திக்கு: பஸ்காவும் குழந்தையின் வினாவும்

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையினின்று நீங்கிய இரவை நினைவுகூரும் பஸ்காப் பண்டிகை, ஆலயமும் பலிபீடமும் அழிந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் சென்ற பின்னும், நிசான் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி யூதக் குடும்பங்களில் இடையறாது அனுஷ்டிக்கப்பட்டு வருவதற்குக் காரணம் யாது என்று வினவினால், பக்தி என்றும் இனப்பற்று என்றும் விடை கூறி அமைவாருண்டு. அவை மெய்யே, ஆயினும், ஆலயத்தோடு பிணைந்திருந்த பலிச் சடங்குகள் அனைத்தும் மறைந்தொழிய, பஸ்கா நிலைபெற்றதை அவை விளக்கமாட்டா. அதன் உயிர்நிலை பலியில் அன்று, குழந்தையின் வினாவில் அமைந்திருந்தமையே அதனைக் காத்தது என்பது என் துணிபு.

யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் வகுத்த பஸ்காவில் ஆசாரியனுக்கு இடமில்லை; வீட்டுக்கொரு ஆட்டுக்குட்டி, நிலைக்கால்களில் அதன் இரத்தம், புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை, இவற்றின் பொருளைப் பிள்ளைகள் கேட்கும்போது உரைக்கவேண்டிய விடை ஆகியனவே அங்குக் காணப்படுவன. பின்னர் உபாகமமும் யோசியா மன்னனின் சீர்திருத்தமும் பலியை ஒரே ஸ்தலத்திற்கு உரியதாக்கின. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை எரித்தபோது அந்தப் பலி நின்றது. எருசலேம் ஆலயத்தை ஏற்காத சமாரியர் கெரிசீம் மலையில் இன்றும் ஆட்டுக்குட்டிகளைப் பலியிடுகின்றனர். யூதர்க்கோ மிஞ்சியது வீடு.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் பஸ்காப் பகுதியில் அவ்வீட்டு விருந்தின் முறை தெளிவாகப் பதிந்துள்ளது. சாய்ந்தமர்ந்து உண்ணுதலும் திராட்சரசக் கிண்ணங்களும் கிரேக்கரின் விருந்துமுறையை ஒத்திருத்தலால் இது இரவல் வழக்கே எனச் சில அறிஞர் கருதுவர். உருவம் இரவலாயிருக்கலாம், ஆனால் கிரேக்க விருந்தில் வயதுவந்த ஆடவரே உரையாடினர், இங்கோ இரண்டாம் கிண்ணம் நிறைந்ததும் மகன் தகப்பனைக் கேட்கவேண்டும் என்பது விதி. விருந்துக்குப் பிந்திய களியாட்டத்தைக் குறித்ததாகக் கருதப்படும் ‘அஃபிகோமன்’ என்னும் கிரேக்கச் சொல்லே, காலப்போக்கில், இரவு இறுதியில் உண்ணுதற்கு மறைத்துவைத்துப் பிள்ளைகள் தேடியெடுக்கும் அப்பத் துண்டுக்குப் பெயராயிற்று. உறங்கிவிடும் குழந்தையை விழித்திருக்கச் செய்ய இதனினும் அருமையான உபாயம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பெயினில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்து இன்று சரயேவோவில் பேணப்படும் ஹகதா என்னும், பஸ்கா இரவில் வாசிக்கும் ஏட்டின் ஓவியங்களைப் புகழாதார் இல்லை. எனக்கோ அதன் பக்கங்களிற் படிந்த திராட்சரசக் கறைகளே மேலான சாட்சியம், அவ்வேடு குடும்பப் பந்தியில் கைமாறியதை அவை காட்டுதலால். போர்த்துக்கல்லில் 1497ஆம் ஆண்டுக் கட்டாய மதமாற்றத்திற்குப் பின், பெல்மோந்தே ஊரின் மறைவு யூதர், ஏடும் குருவும் இன்றி, பெண்டிர் நாவிலேயே பிரார்த்தனைகளைக் காத்து, பல நூற்றாண்டுகளாக இப்பண்டிகையை ரகசியமாக நடத்திவந்தனர்.

ஆதலின், இக்காலத்துக் குடும்பங்கள் நேரமின்மையால் ஹகதாவைச் சுருக்கி வாசிப்பதைப் பெருங்குறையாக நான் எண்ணவில்லை. கடைக்குட்டி மனப்பாடமாக ஒப்புவிக்கும் கேள்விக்கு மூத்தோர் சிந்தியாது ஏட்டைப் பார்த்தே விடையிறுத்து உணவுக்கு விரைவதே மெய்யான நஷ்டம். கேட்க மகன் இல்லையேல் மனைவி கேட்கவேண்டும், அவளும் இல்லையேல் தன்னைத்தானே கேட்கவேண்டும், சட்டமனைத்தும் அறிந்த இரு பண்டிதர் தனித்திருப்பினும் ஒருவரையொருவர் கேட்கவேண்டும் என்றே மிஷ்னாவின் விரிவுரையாகிய தல்மூது விதித்திருக்கின்றது.