பானட்டில் ஒரு துளை

காரின் முன்கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் மேல், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராக ஒரு மீட்டர். முதல்தடவை பார்த்தபோது யாரோ விளையாட்டுக்கு ஒட்டிவைத்தது என்றுதான் நினைத்தேன். மழையும் பனியும் விழுகிற இடத்தில் யாராவது மீட்டரை வைப்பார்களா? பாண்டியாக் வைத்தது. 1967இல், ஜிடிஓ காரில், தனியாகக் காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு.

இந்த ஜிடிஓவே ஒரு விதிமீறலில் பிறந்த வண்டி. 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கம்பெனிகள் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று தடை போட்டது. பந்தயப் பெயரை வைத்தே வண்டி விற்றுக்கொண்டிருந்த பாண்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. ஜான் டெலோரியனும் அவருடைய பொறியாளர்களும் பெரிய காரின் 389 என்ஜினைத் தூக்கி நடுத்தர டெம்பெஸ்டில் வைத்தார்கள். 'தனி மாடல் இல்லை, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதிதான்' என்று மேலிடத்தைச் சமாளித்தார்கள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தது, 1964இல் 32,450 விற்றது.

ஆனால் அந்த வண்டியின் டாக்கோமீட்டர் டாஷ்போர்டு மீட்டர் வரிசையின் வலது கோடியில் கிடந்தது. கியர் மாற்றவேண்டிய நொடியில் சாலையை விட்டுக் கண்ணைத் திருப்ப வேண்டும். பானட் மீட்டரில் அந்தத் தொல்லை இல்லை. இன்றைக்கு விலையுயர்ந்த கார்களில் கண்ணாடியில் வேகத்தைக் காட்டுகிறார்களே, அதுவும் இதே யோசனைதான்.

வேலை செய்யும் விதம் எளிது. இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு வயர் வரும். எட்டு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு தடவை பொறி விடும். ஐயாயிரம் சுற்றென்றால் நிமிடத்துக்கு இருபதாயிரம் பொறி. அதை எண்ணி முள் நகர்கிறது. அந்த வயர் மீட்டருக்குப் போக பானட்டில் துளை வேண்டும். அங்கேதான் சிக்கல்.

மிஷிகனில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1967 ஜிடிஓ ஒன்று இருந்தது. பானட் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பானட். அதில் துளை போடப்போகிறேன் என்றார். எனக்குப் பகீரென்றது. புதிதாகச் செய்த நகல் பானட் கிடைக்குமே, அதை வெட்டுங்கள், பழசைப் பரணில் வையுங்கள் என்றேன்.

"மீட்டரும் நகல், பானட்டும் நகல்னா, அப்புறம் என் வண்டி எது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்தால் இன்னொன்றும் உறைத்தது. அந்தக் காலத்தில் டீலர் கடைகளிலும் இதை மாட்டிக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு மெக்கானிக் காகித அச்சை ஒட்டி, டிரில்லை எடுத்து, புத்தம்புது பானட்டில் இறக்கியிருப்பான். தொழிற்சாலைச் சீட்டில் அது பதிவாகியிருக்காது. அவன் போட்ட துளை இன்று சரித்திரம், இவர் போட்டால் மட்டும் குற்றமா? இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு அடைத்து வெல்டு வைக்கலாம், ஆனால் அது வெட்டாத தகடு ஆகாது.

சனிக்கிழமை காலை வேலை நடந்தது. என்ஜின் மேல் ஈரத்துணி விரித்தோம், இரும்புத்தூள் உள்ளே போகாமலிருக்க. பானட்டுக்கு அடியில் முட்டுச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று அவர் கையாலேயே தடவிப் பார்த்தார். மேலே பேப்பர் டேப், அதன் மேல் அச்சு. அளவை மூன்று தடவை சரிபார்த்தார். சென்டர் பஞ்ச் வைத்து ஒரே தட்டு. பெயிண்ட் உடைந்த அந்தச் சின்னச் சத்தம்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபி போடப் போனேன் என்றார், ஆனால் காபி வரவில்லை.

திரும்பி வந்ததும் தயங்கவில்லை. முதலில் சின்ன டிரில். பிறகு ஹோல் சா, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு விட்டு. வட்டத் தகடு துணியில் விழுந்தது. அரத்தால் பிசிறு எடுத்து, வெட்டின ஓரத்துக்கு பிரைமர் அடித்தார். வெறும் இரும்பாக விட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வயர் உராயாமலிருக்க ரப்பர் வளையம்.

விழுந்த தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் குளிர்காலையில் மீட்டர் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார், போகவில்லை. ஆவி உள்பக்கம்.