கல்லெடுத்த குழிகள்: சிங்கப்பூர் குவாரி நிலங்கள் மீண்டும் பசுமையான வரலாறு

சிராங்கூன் சாலையில் இன்று நடப்பவருக்கு அங்கே ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் இருந்தன என்பது தெரிய வாய்ப்பில்லை. வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று முந்தைய தலைமுறை அழைத்தது அதனால்தான். நகரம் அந்த நிலத்தின்மேல் வீடும் கடையுமாகக் கட்டிக்கொண்டதால், மண்ணைச் சீர்செய்யும் பேச்சே அங்கு எழவில்லை. அந்தப் பேச்சு எழுந்தது நகருக்கு வெளியே: கருங்கல் எடுத்த புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக், புலாவ் உபின் ஆகிய இடங்களிலும், மணல் அள்ளிய பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களிலும். அங்கே திரும்பி வந்தது பழைய காடு அல்ல. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதைக் குழிக்குள் வைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உபின் கருங்கல்லின் வரலாறு நீண்டது. 1851-ல் முடிந்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், இந்தியக் கைதிகள் உழைத்து 1855-ல் எழுப்பிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும், 1924-ல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்துக்கும் அங்கிருந்து கல் போனது. புக்கிட் தீமாவின் கதை விசித்திரமானது. தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேன்ட்லி தந்த அறிக்கையின் விளைவாக 1880-களில் அந்தக் குன்று காப்புக்காடானது. பிறகு அதே குன்றின் சரிவுகளில் ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம், சிங்கப்பூர் குவாரி என்று பாறையும் உடைக்கப்பட்டது. ஒரே மலையில் ஒரு பக்கம் காவல், மறுபக்கம் வெடி!

குவாரி நிலத்தில் செடி ஏன் எளிதில் பிடிப்பதில்லை? சிங்கப்பூரின் மழையிலும் வெப்பத்திலும் கருங்கல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிச் செம்மண்ணாகிறது. கல்லை எட்டுவதற்கு முதலில் வழித்துத் தள்ளப்படுவது அந்த மண்தான். கடைசியில் மிஞ்சுபவை இரண்டு: மண்ணே ஒட்டாத செங்குத்துப் பாறை, ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் அடிமண். அடிமண்ணில் அமிலம் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. கரையும் அலுமினியம் வேரைக் கருக்கிவிடும். மண்ணில் உறங்கிய விதைகளும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் மேல்மண்ணோடு போய்விடுகின்றன.

அப்படிப்பட்ட மண்ணில் என்ன முளைக்கும் என்பதை அறியச் சிங்கப்பூரில் பழைய சோதனைக்களம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பியர் பயிரிட்டுச் சக்கையாக்கி விடப்பட்ட நிலங்களே அந்தக் களம். சீர்கெட்ட நிலத்தில் தாவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறையை ஆராய்ந்த ரிச்சர்ட் கார்லெட் 1991-ல் இதைப் பற்றி எழுதினார். ரெசாம் பெரணி அடர்ந்து படர்கிறது, சிம்போ ஆயர் புதராகிறது, பறவையும் வௌவாலும் கொண்டுவரும் விதையிலிருந்து தியுப் தியுப் மரங்கள் எழுகின்றன. பார்க்கக் காடுபோலவே இருக்கும். ஆனால் முதுகாட்டின் டிப்டெரோகார்ப் மரங்கள் தாமாக அங்கே வருவது அரிது, ஏனெனில் அவற்றின் சிறகு விதைகள் பெரும்பாலும் தாய்மரத்தருகிலேயே விழுகின்றன. சும்மா விட்டால் எல்லாம் வளர்ந்துவிடும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

1980-களில் சூழலியல் அறிவைவிட அன்றைய தேவைதான் முன்னே நின்றது. பிடோக்கின் மணற்குழி 1986-ல் நீர்த்தேக்கமானது. நாட்டுக்கு வேண்டியது தண்ணீர். புக்கிட் பாத்தோக்கில் கைவிடப்பட்ட குவாரியை மூடிச் சாலை போடவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எண்ணியது. நீருக்கு மேலே நின்ற பாறை சீனத்தின் குய்லின் காட்சியை நினைவூட்டவே, 1984-ல் அது பூங்காவாயிற்று. பாறையைப் பச்சையாக்க முயலாமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதைச் சூழலியல் முடிவு என்று இன்று சொல்வது பின்னோக்கிச் சூட்டும் பெருமை.

உபினின் கடைசி குவாரி 1999-ல் மூடப்பட்டபோது நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 2009-ல் திறந்த டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் சிங்கப்பூர் குவாரி ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா திறந்தபோது, பழைய சின் செங் குவாரி நன்னீர் வாழிடமாகியிருந்தது. புக்கிட் தீமா காப்பகத்துக்கு வரும் கூட்டத்தைப் பங்குபோட்டு, அதன் விளிம்பைக் காக்கும் அரணாகவும் இப்பூங்காக்கள் கருதப்படுகின்றன. மலையைத் தின்ற குழிகளுக்கு மலையைக் காக்கும் வேலை வந்திருக்கிறது.

ஆயினும் மண் இல்லை என்ற பழைய குறை தீரவில்லை. ஏரிக்கரை சரிந்து இறங்கினால்தான் ஆழமில்லா நீரில் நாணலும் கோரையும் வேர்விடும். குவாரிக் குளமோ விளிம்பிலேயே ஆழமாக இறங்குகிறது. சாம்பல் நாரைகள் கூடுகட்டும் உபினின் பெக்கான் குவாரியில், கரையில் கிடைக்காத நிலத்தைத் தேசியப் பூங்காக் கழகம் நீரின்மேலேயே மிதவைகளாக அமைத்து அவற்றில் செடிகளை வளர்க்கிறது.