சிப்பாயின் உடுப்பும் சுமையும்

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சென்னைச் சேனையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குரிய காரணங்களுள், முந்திய ஆண்டின் இறுதியில் பிறந்த உடுப்பு உத்தரவு முக்கியமானது என்பதைச் சரித்திரம் பயின்றோர் அறிவர். தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையும், அதில் செருகிய தோல் சின்னமும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடா என்ற விதியும் அவர்களுடைய சமயாசாரத்தைப் புண்படுத்தின; உத்தரவுக்குப் பொறுப்பான தளபதி கிரடாக்கும், கவர்னர் பெண்டிங்கும் பதவியிழந்து சீமைக்குத் திரும்ப நேர்ந்தது. ஆயினும், உடுப்பு என்பது அதை அணிந்து உழைப்பவனுடைய சரீரத்துக்காக அன்று, அணிவகுப்பைப் பார்வையிடும் அதிகாரியின் கண்ணுக்காகவே என்ற மனப்பான்மை வேலூரில் தோன்றியதுமன்று, வேலூரோடு ஒழிந்ததுமன்று.

அக்காலத்து வெள்ளைச் சிப்பாயும் அம்மனப்பான்மைக்குத் தப்பவில்லை. கழுத்தை இறுக்கிய தோல்பட்டை அவன் மோவாயை நிமிர்த்தியே வைத்ததால், துப்பாக்கியின்மேல் தலை சாய்த்துக் குறிபார்ப்பதே அவனுக்குப் பிரயாசையாயிற்று. மார்பின்மேல் குறுக்காகச் சென்ற இரண்டு வார்களையும் ஓயாமல் வெண்களிமண் பூசி வெளுக்க வேண்டும். முதுகிலோ, பலகை வைத்து விறைப்பாக்கிய பை. அதன் தோள்வார்கள் அக்குளை அறுத்துக்கொண்டு செல்ல, அவற்றை இணைத்த வாரொன்று மார்பின் குறுக்கே இறுகி மூச்சைத் தடுத்தது. துப்பாக்கியும் தோட்டாவும் சேர ஏறத்தாழ 60 ராத்தல் பாரத்துடன் நாள் முழுதும் நடந்தவனுக்குக் கை மரத்ததிலும் நெஞ்சு படபடத்ததிலும் வியப்பில்லை.

இக்கொடுமையைச் சிப்பாயின் சோம்பல் என்று தள்ளிவிடாமல், தேகதத்துவ சாஸ்திரத்தின் விஷயமாக எடுத்துக்கொண்ட பெருமை, ராணுவ மருத்துவப் பள்ளியில் சுகாதாரப் பேராசிரியராயிருந்த எட்மண்ட் பார்க்ஸ் என்பவரைச் சாரும். அவர் 1860-களில் இப்பிரச்சினையை ஆராய்ந்து, சுமை எலும்புகளால் தாங்கப்பட வேண்டும், மார்பு விரிந்து சுருங்க இடமிருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1871-இல் வந்த புதிய சுமையமைப்பில் பை இடுப்பருகே இறங்கிற்று. மார்புக்கு விடுதலை கிடைத்தது. மனிதனைச் சுமைக்கேற்ப வளைத்தது போய், சுமையை மனிதனுக்கேற்ப அமைத்த நன்னாள் அது.

உடுப்பிலோ சீர்திருத்தம் இந்தியாவிலிருந்தே புறப்பட்டது. 1846-இல் பெஷாவரில் லம்ஸ்டன் என்ற அதிகாரி திரட்டிய வழிகாட்டிப் படை மண்ணிறத்தை மேற்கொண்டது. 1857-ஆம் ஆண்டின் கோடையில் வேறு பல படைகளும் தம் வெள்ளுடுப்பைத் தேயிலைச் சாயத்திலும் சேற்றிலும் தோய்த்து அணிந்தன. வெயிலும் புழுதியும் கற்பித்த இப்பாடத்தைச் சீமையில் சேவை உடுப்பாக ஏற்றுக்கொள்ள 1902-ஆம் ஆண்டு வரை காலம் பிடித்தது.

போயர் யுத்தத்தின் அனுபவத்துக்குப் பின், மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும் தோலுக்குப் பதிலாக, கெட்டியாக நெய்த பருத்திப் பட்டைகளால் 1908-இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. முன்புறம் பத்துப் பைகளில், பைக்குப் பதினைந்தாக 150 தோட்டாக்கள். அவற்றின் எடைக்கு ஈடாக முதுகில் மூட்டை. பக்கங்களில் தண்ணீர்க் குப்பியும் மண்வெட்டும் கருவியும். இடுப்பு வாரைக் கழற்றினால் போதும், மேற்சட்டையைக் களைவதுபோல் முழுவதையும் ஒருங்கே இறக்கிவிடலாம். காலாட்படைக்கு அதுவரை கிடைத்த அமைப்புகளுள் இதற்கு இணையானதை நான் அறியேன்.

ஆயினும், 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சோம் நதிப் போர்முனையில் இதே அமைப்பை அணிந்து பதுங்குகுழிகளிலிருந்து எழுந்தவர்கள், ஏறத்தாழ 66 ராத்தல் சுமந்தார்கள் என்றும், அதனால் குழியைவிட்டு ஏறுவது கடினமாயிற்று, மெல்ல நடப்பதினும் மிக விரைந்து செல்வது இயலாதாயிற்று என்றும் ஆங்கில அரசாங்கத்தின் அதிகாரபூர்வ வரலாறே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் குற்றம் நெய்தவர்களுடையதன்று, தைத்தவர்களுடையதன்று. எதையெதைச் சுமக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிய சேனைத் தலைமையினுடையதே.