கண்ணின் படம் சென்ற வழி

நமக்கு வந்துள்ள நோய் என்ன? அதற்கு யாரிடம் போவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரியாமல் காலங்கடத்தி, நோயை முற்றவிட்டவர்கள் நம் சிற்றூர்களில் பலர். இவ்வினாக்களை இணையத்தின் வழியே கேட்ட வரலாற்றில் மதுரையை அடுத்த மேலூருக்கு ஓர் இடம் உண்டு.

இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-இல். பெருநகரங்களில் தொடங்கிய அவ்வசதியைக் கம்பி இழுத்துச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்வது பெருஞ்செலவு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லா முறை இதற்கு வழிகாட்டியது. 2001-இல் மேலூர்ச் சிற்றூர்களில் இம்முறையில் இணைய நிலையங்கள் தோன்றின.

இதில் பயன்பட்ட வானலையின் அலைநீளம் ஏறத்தாழ 16 செ.மீ. இத்தகைய அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. குன்று குறுக்கிட்டால் தடைப்படும். சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் இடையே வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆகவே உயர்ந்த கோபுரத்தில் அலைவாங்கியை அமைத்தனர். வினாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில், 50 கிலோபைட் அளவுள்ள படம், அதாவது 400 கிலோபிட், சென்றுசேர ஏறத்தாழ 12 வினாடி ஆகும்.

அப்படிச் சென்றவற்றுள் கண்ணின் படங்களும் இருந்தன. நோயாளியின் கண்ணைச் சிறு கேமராவால் படமெடுத்து, அவர் கூறும் தொல்லையையும் எழுதி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினர். நேரில் வரவேண்டுமா என்பதை மருத்துவர் தெரிவித்தார். வீண் பயணமும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின.

போதிய வருவாயின்றி அந்நிலையங்களுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. இன்று இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் கைப்பேசியே நிலையம். ஆயினும் என் மாணவர் ஒருவரின் பாட்டி, கைப்பேசியில் கண்ட குறிப்பை நம்பிக் கண்ணில் இலைச்சாறு விட்டுக்கொண்டு பல நாள் துன்புற்றார்.

மேலூரில் வேகம் குறைவு. ஆனால் விடை சொன்னவர் இன்னார் என்பது தெரியும். இன்று வேகம் மிகுதி; சொன்னவர் யாரென்பது பெரும்பாலும் தெரிவதில்லை. எழுதியவர் யார், எப்போது எழுதினார், சான்று என்ன என்று கேட்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற பழக்கம். அப்பழக்கத்தை நம் வீட்டுப் பெரியோர்க்கும் கற்றுத்தருவது மாணவர் கடமை.