விருத்தாசலம் – கம்மாபுரம் வட்டாரச் செம்மண்ணும் மணிலாப்பயிர்ச் சத்தாய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பழைய தென்னார்க்காட்டின் செந்நிலங்களில் நிலக்கடலை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வணிகப்பயிராக விளங்கி வருகிறது. அதன் விளைச்சல் குறைவுக்குக் காரணம் தேடிய அறிவியல் முதலில் விதையையும், அடுத்து உரத்தையும், பின்னரே மண்ணின் களிமத்தையும் நோக்கியது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு மூலமான வெண்களிமண்ணே அவ்வட்டார வயல்களின் சத்துத்தாங்கும் திறன் குறைவுக்கும் மூலம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அந்நிலையில் மேல்மண் பெறும் முதன்மையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செம்மண், கயோலினைட், மணிலா, சுண்ணாம்புச்சத்து, ஜிப்சம், கம்மாபுரம், நெய்வேலி.

முன்னுரை

விருத்தாசலம் என்னும் வடமொழிப் பெயரும், திருமுதுகுன்றம், பழமலை என்னும் தமிழ்ப்பெயர்களும் ஒரே பொருளன. ஊரில் குன்று என்று சொல்லத்தக்கது எதுவும் இன்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயின் மண் முதிர்ந்தது என்பதில் ஐயமில்லை. 1860களில் எச். எஃப். பிளான்போர்டு விவரித்த கடலூர் மணற்கல் தொகுதியின் மேல் உருவான செம்மண் இது. வெப்பமண்டல மழையில் நெடுங்காலம் சிதைந்தமையால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியன பெரிதும் கரைந்து நீங்கின. எஞ்சியவை மணல், இரும்பு ஆக்சைடு, கயோலினைட் என்னும் வெண்களிமண் கனிமம் ஆகியவையே. இரும்பு நிலத்துக்குச் செந்நிறத்தைத் தந்தது. கயோலினைட் விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழிலைத் தந்தது.

பீங்கான் செய்வோர் கயோலினைட்டை விரும்புவதற்கும் உழவர் அதனால் இடர்ப்படுவதற்கும் காரணம் ஒன்றே. அதன் படிக அடுக்குகள் இறுகப் பிணைந்தவை. நீரும் அயனிகளும் இடைபுக வழியில்லை. ஆகவே ஈரத்தில் பெரிதாக உப்பாது, உலர்கையில் அதிகம் சுருங்காது. அதே காரணத்தால் பயிருக்கு வேண்டிய நேரயனிகளைப் பற்றி வைக்கும் இடமும் அதில் மிகக்குறைவு. கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமத்தின் அயனிப் பரிமாற்றத்திறன் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி ஈக்குவலன்ட். கயோலினைட்டுக்கு 3 முதல் 15 மட்டுமே. விருத்தாசலம், கம்மாபுரம் வட்டாரச் செந்நிலத்தின் வேளாண் வரலாறு இவ்விரு எண்களுக்கு இடையிலான தொலைவில் அடங்கியிருக்கிறது.

வணிகப்பயிரும் மண்ணின் இழப்பும்

இவ்வட்டார மக்கள் நிலக்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்குவர். மணிலாக்கொட்டை என்பது மருவியே மல்லாட்டை ஆயிற்று. கடல்கடந்து வந்த பயிர் என்பதைப் பெயரே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குத் தென்னார்க்காட்டு மணிலா ஏற்றுமதியாயிற்று. எண்ணெயில் பெரும்பாலும் கரிமமும் நீரியமும் ஆக்சிஜனுமே உள்ளன. அது போனால் மண்ணுக்கு இழப்பில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் பிண்ணாக்கில் தங்கும். கொட்டையாகவே கப்பலேறியபோது அப்பிண்ணாக்கும் அயல்நிலத்துக்கே பயன்பட்டது. 1889 முதல் 1891 வரை இந்தியாவில் சுற்றாய்வு செய்த ஜே. ஏ. வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் எண்ணெய்வித்து, எலும்பு ஆகியவற்றின் ஏற்றுமதியை மண்வளத்தோடு இணைத்து விவாதித்தார். சாணம் எரிபொருளாவதையும் அவர் அதே நோக்கில் கண்டார்.

1890களில் சென்னை மாகாணத்தின் மணிலாப் பரப்பு கடுமையாகச் சரிந்தது. மொரீசியஸிலிருந்து விதை தருவிக்கப்பட்ட பின் பயிர் மீண்டது. 1905இல் கடலூரை அடுத்த பாலூரில் அரசு வேளாண் பண்ணை அமைந்தது. புதுவிதை தந்த வெற்றி, சிக்கலை விதையின் சிக்கலாகவே காணும் போக்கை வலுப்படுத்தியது எனலாம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆய்வு நிலையத்திலிருந்து 1940இல் டி.எம்.வி. 2, 1967இல் டி.எம்.வி. 7 ஆகிய இரகங்கள் வந்தன. விருத்தாசலம் ஆய்வு நிலையம் பின்னாளில் வி.ஆர்.ஐ. என்னும் அடையுடன் நிலக்கடலை, முந்திரி இரகங்களை வெளியிட்டது. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும் எந்த இரகமும் மண்ணில் இல்லாத ஒன்றை உருவாக்க வல்லதன்று.

மண் வேதியியல் இதே காலத்தில் கோயம்புத்தூரில் வேரூன்றியது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய ஆய்வுகளின் வழியில், 1909இல் அங்கு நிரந்தர உரச்சோதனை வயல் அமைக்கப்பட்டது. டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல் வெளியிட்ட நெல்வயல் வாயுக்கள் பற்றிய ஆய்வு உலகக் கவனம் பெற்றது. நெல்லே அன்றைய வேதியியலாரின் முதற்பயிர். மானாவாரி மணிலா அவர்கள் கவனத்தில் பின்வரிசையில் நின்றது.

அண்டையில் விளைந்த உரம்

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962இல் நிலக்கரி அகழ்வு நிலைபெற்றது. நிலக்கரியின் மேலிருந்த வெண்களிமண்ணைத் தூய்மைப்படுத்தப் பிரிப்பாலை ஒன்றும் அங்கு இயங்கியது. 1966இல் யூரியா ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. பீங்கானுக்குரிய மண்ணும் பயிருக்குரிய உரமும் ஒரே வளாகத்திலிருந்து வெளிவந்தன. ஆனால் அவ்வுரம் தழைச்சத்து மட்டுமே. பயறுவகைப் பயிரின் வேர்முண்டுகள் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துவதை ஹெல்ரீகல் 1886இலேயே காட்டிவிட்டார். நெல்லுக்கு உதவிய யூரியா, சுற்றுப்புறச் செந்நிலத்தின் மணிலாவுக்கு மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. அப்பயிருக்கு வேண்டியிருந்தது வேறொன்று.

காய் நேரே உண்ணும் சுண்ணாம்பு

மணிலாவின் பூ மண்ணுக்கு மேலும் காய் மண்ணுக்குள்ளும் அமைவது அனைவரும் அறிந்தது. அதன் ஊட்ட விளைவு 1940களில்தான் தெளிவாயிற்று. கால்சியம் தாவரத்தினுள் நீரோட்டத்தோடு மேல்நோக்கிச் செல்லும். நீராவிப்போக்கு மிகுந்த இலைகளையே சென்றடையும். அங்கிருந்து எளிதில் திரும்பாது. மண்ணுக்குள் இருக்கும் காயிலோ நீராவிப்போக்கு இல்லை. எனவே வேர் எவ்வளவு கால்சியம் உறிஞ்சினும் காய்க்குப் போதிய பங்கு வாராது. விழுதும் இளங்காயும் தம்மைச் சூழ்ந்த மண்ணிலிருந்து நேரே எடுத்தாக வேண்டும். பிளெட்சோ, கோமர், ஹாரிஸ் ஆகிய மூவரும் 1949இல் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். காயைச் சுற்றிய மேல்மண்ணில் கால்சியம் குறைந்தால் செடி பசுமையாகவே நிற்கும். பறிக்கும்போதுதான் பொக்குக்காய் தெரியும். உழவர் விதையையோ மழையையோ நொந்துகொண்டதற்கு இத்தோற்றமே காரணமாகியிருத்தல் கூடும்.

கயோலினைட் நிலம் கால்சியத்தைத் தேக்கி வைப்பதில்லை. ஆதலால் உரிய பருவத்தில் உரிய இடத்தில் இடுதல் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, விதைத்த 40 முதல் 45 நாள்களுக்குள் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது. ஜிப்சம் சுண்ணாம்புக்கல்லினும் எளிதில் கரையும்; கால்சியத்தோடு கந்தகமும் தரும். விழுது இறங்கும் நேரத்தில், அது இறங்கும் இரண்டு மூன்று அங்குல மண்ணில் சத்து நிற்கச் செய்வதே இம்முறையின் நுட்பம்.

இதற்கு இணையான ஒரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் மணிச்சத்துடன் கால்சியமும் கந்தகமும் உண்டு. மணிச்சத்துக்காக அதனை இட்ட உழவர், அறியாமலேயே காய்க்கும் உணவிட்டனர். டி.ஏ.பி. பரவியபோது மூட்டையின் எடை குறைந்தது, சத்தின் செறிவு கூடியது. கால்சியமும் கந்தகமும் சொல்லாமல் விடைபெற்றன. செறிவை மட்டும் அளவுகோலாகக் கொண்ட உரக்கொள்கை இத்தகைய நிலத்துக்குப் பொருந்தவில்லை.

மண்ணைச் சோதித்து உரம் இடும் முறை 1955–56இல் நாடெங்கும் 24 ஆய்வகங்களுடன் தொடங்கியது. 1967இல் பி. இராமமூர்த்தியும் குழுவினரும் இலக்கு விளைச்சலுக்கேற்ப உர அளவைக் கணிக்கும் சமன்பாட்டு முறையை வகுத்தனர். 2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவீடுகளைத் தருகிறது: கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கால்சியம் இப்பட்டியலில் இல்லை. களிமத்தின் வகையும் இல்லை. கோதுமைக்கும் நெல்லுக்கும் இது பெருங்குறையன்று. மணிலா நிலத்துக்கோ காய் திரள்வதைத் தீர்மானிக்கும் சத்தே அட்டையில் இடம்பெறவில்லை.

மேல்மண்

கயோலினைட் தாங்காததை மட்கு தாங்குகிறது. மட்கின் அயனிப் பரிமாற்றத்திறன் 100 கிராமுக்கு 200 மில்லி ஈக்குவலன்டையும் கடக்கும். ஆதலால் கரிசலில் ஓரளவு கரிமப்பொருள் குறைந்தால் களிமம் ஈடுசெய்யும். செம்மண்ணில் ஈடுசெய்ய ஏதுமில்லை. பட்டி கட்டுதல், வண்டல் அடித்தல், குப்பை சேர்த்தல் ஆகிய பழைய வழக்கங்கள் இந்நிலத்தில் சத்துச் சேர்த்ததோடு, சத்தைப் பிடித்து வைக்கும் இடத்தையும் சேர்த்தன. ஏரி வண்டலுடன் வந்த நுண்களிமமும் இதற்குத் துணைநின்றது.

கம்மாபுரம் வட்டாரத்தை ஒட்டி நெய்வேலிச் சுரங்கப்பரப்பு நீள்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண் ஆழ்மணலோடும் களிமண்ணோடும் கலந்துவிட்டால், தலைமுறைகளாகச் சேர்ந்த சில அங்குல மட்கு பல மீட்டர் மணலில் கரைந்துபோகிறது. மேல்மண்ணைத் தனியே அகழ்ந்து, குவித்து, பின்னர்ப் பரப்புவதே மீட்பின் நெறி. குவியலில் நெடுநாள் கிடப்பின் அதன் நுண்ணுயிர்களும் கரிமப்பொருளும் குன்றும். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் சந்தை மதிப்பையும், நிலத்தோடு இணைந்த கட்டடம், மரம், பயிர் ஆகியவற்றின் மதிப்பையும் கணிக்க வழிசெய்கிறது. மட்கு அதில் தனித்தலைப்பாக இடம்பெறவில்லை.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரித்த ஹியூமிக் அமிலத்தையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பயிர்களுக்கு இட்டுப் பார்த்த ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. ஹியூமிக் அமிலம் என்பது மட்கின் ஒரு கூறே. வயலின் மேலடுக்கை அகற்றி எடுத்த நிலக்கரியிலிருந்து, அம்மேலடுக்கில் இருந்த பொருளின் ஒரு கூறு பிரித்தெடுக்கப்பட்டுப் புட்டியில் வயலுக்குத் திரும்பி வருகிறது.