டேவிட் வெய்ஸ்

டேவிட் வெய்ஸ் (பிறப்பு: 1956) அமெரிக்க வழக்கறிஞர். 2018 முதல் 2025 வரை டெலவேர் மாநிலத்துக்கான மத்திய அரசு வழக்கறிஞராக இருந்தவர். முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் மீதான வழக்குகளை நடத்தியதால் பரவலாக அறியப்பட்டார்.

தொடக்கக் காலம்

1984-இல் வைடனர் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, டெலவேர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். 1986 முதல் மூன்றாண்டுகள் மத்திய அரசின் உதவி வழக்கறிஞர். பிறகு வில்மிங்டன் நகரில் தனியார் சட்ட நிறுவனத்தில் பணியாற்றி, 2007-இல் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கே திரும்பினார்.

டெலவேர் அலுவலகம்

டெலவேரில் மூன்றே கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாநிலம் முழுவதற்கும் ஒரே மத்திய நீதிமன்ற மாவட்டம்தான். பைடன் 36 ஆண்டுகள் செனட்டராக இருந்ததும் இம்மாநிலத்திலிருந்தே. வெய்ஸை மத்திய அரசு வழக்கறிஞர் பதவிக்கு முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப். மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் இருவரும் ஆதரித்தனர். ஆட்சி மாறினால் மத்திய அரசு வழக்கறிஞர்கள் விலகுவது வழக்கம். 2021-இல் பைடன் அரசு, மகன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்ததால் வெய்ஸைத் தொடரச் செய்தது.

ஹன்டர் பைடன் வழக்குகள்

வெய்ஸ் தரப்புடன் ஹன்டர் செய்துகொண்ட, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கான உடன்பாடு 2023 ஜூலையில் வில்மிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதியின் கேள்விகளால் முறிந்தது. ஆகஸ்ட் 11 அன்று தலைமை வழக்கறிஞர் மெரிக் கார்லண்ட், வெய்ஸைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். இப்பொறுப்புக்கு அரசுக்கு வெளியிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி என்பதால் இந்நியமனம் விமர்சிக்கப்பட்டது. முன்பு சலுகை காட்டினார் என்று குடியரசுக் கட்சியினரும், பின்னர் கடுமை காட்டினார் என்று ஹன்டர் தரப்பும் குறைகூறினர்.

போதைப்பழக்கத்தை மறைத்துத் துப்பாக்கி வாங்கிய வழக்கில், 2024 ஜூன் 11 அன்று மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஹன்டர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. வரி வழக்கின் ஒன்பது குற்றச்சாட்டுகளையும் செப்டம்பரில் அவரே ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்படுமுன், டிசம்பர் 1 அன்று தந்தை மன்னிப்பு வழங்கினார்.

2025 ஜனவரியில் வெளியான இறுதி அறிக்கையில், வழக்கு அரசியல் நோக்கம் கொண்டது என்ற அதிபர் பைடனின் கூற்றை வெய்ஸ் மறுத்தார். அதே மாதத்தில் பதவி விலகினார்.